பூச்சிமருந்தும் சாயத்தண்ணியும் மண்ணிலும் நீரிலும் உள்ள நுண்ணுயிர்களை என்ன செய்கின்றன?

கேள்வி இதுதான்: இருபது வருடமாகப் பூச்சிமருந்தும் களைக்கொல்லியும் அடித்து வந்த வயல், நடுவில் சில வருடம் வாய்க்காலில் சாயத்தண்ணியும் வந்திருக்கிறது. அந்த மண்ணிலும் தண்ணீரிலும் இருந்த நுண்ணுயிர்கள் எல்லாம் செத்துப் போயிருக்குமா? அல்லது, விட்டுவிட்டால் அவையே விஷத்தைத் தின்று நாளடைவில் சரிசெய்துவிடுமா?

"மண்ணே செத்துப்போச்சு" என்று சொல்பவர்களும் உண்டு, "இயற்கை தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும்" என்று சொல்பவர்களும் உண்டு. இரண்டிலும் பாதிதான் உண்மை. வளமான மண் ஒரு கிராமில் நூறு கோடி அளவில் பாக்டீரியா இருக்கும். அதில் ஒரு மருந்து விழுந்தால் சில வகைகள் குறையும். செத்தவற்றின் உடலைத் தின்று வேறு சில வகைகள் பெருகும். சில வாரங்களில் மொத்த எண்ணிக்கை கிட்டத்தட்ட பழைய இடத்துக்கே வந்துவிடும். அதனால் "நுண்ணுயிர் எத்தனை இருக்கிறது" என்று எண்ணிப் பார்ப்பதில் பெரிதாக ஒன்றும் தெரியாது. யார் போனார்கள், அவர்கள் செய்துவந்த வேலையைச் செய்ய இப்போது ஆள் இருக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.

எல்லா வேலைக்கும் ஒரே அளவு ஆள் கிடையாது. வைக்கோலையும் தழையையும் மக்க வைக்க எண்ணற்ற இனங்கள் இருக்கின்றன. பாதி போனாலும் மீதி பார்த்துக்கொள்ளும். ஆனால் அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும் வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். யூரியா போட்ட வயலில் அந்தத் தழைச்சத்து நைட்ரேட் ஆவதற்கு இதுதான் முதல் படி. இதைச் செய்யத் தெரிந்தவை நைட்ரோசோமோனாஸ், நைட்ரோசோஸ்பைரா போன்ற சில பாக்டீரியா வகைகளும், ஆர்க்கியா என்னும் பிரிவைச் சேர்ந்த சில உயிர்களும்தான். அவை மெதுவாக வளர்பவை. ஆய்வகத்தில் ஈகோலை என்ற குடல் பாக்டீரியா இருபது நிமிடத்தில் இரட்டிக்கும். இவை இரட்டிக்க நல்ல சூழலிலேயே பல மணி நேரத்திலிருந்து நாள்கணக்கு வரை ஆகும். அடி விழுந்தால் எழுந்திருக்க நேரம் பிடிக்கும். இந்த வேலையை ரசாயனத்தால் எவ்வளவு எளிதாக நிறுத்திவிடலாம் என்பதற்கு நைட்ராபைரின் ஒன்றே சாட்சி. உரச்சத்து வீணாகாமல் இருக்க இந்த நுண்ணுயிர்களை மட்டும் கொஞ்ச காலம் அடக்கி வைக்கவே அதை விற்கிறார்கள். நம் நாட்டில் வேப்பெண்ணெய் பூசிய யூரியா வந்ததற்கும் அந்தக் கணக்கே காரணம். வேண்டுமென்று செய்தால் அது தொழில்நுட்பம். வேறு ஏதோ பூச்சிக்காக அடித்த மருந்து சொல்லாமல் கொள்ளாமல் இதையே செய்யும்போதுதான் சிக்கல்.

அதனால்தான் ஒரு பூச்சிமருந்துக்கு அனுமதி கொடுக்கும் முன் நடக்கும் மண் நுண்ணுயிர்ச் சோதனையும் தழைச்சத்தைச் சுற்றியே இருக்கிறது. ஓஇசிடி என்ற பொருளாதாரக் கூட்டமைப்பின் நாடுகள் 2000-இல் வகுத்த முறைப்படி, மருந்து கலந்த மண்ணிலும் கலக்காத மண்ணிலும் நைட்ரேட் உண்டாகும் வேகத்தை 28-ஆம் நாள் ஒப்பிடுவார்கள். வித்தியாசம் 25 சதவீதத்துக்குள் இருந்தால் நீண்டகாலப் பாதிப்பு இல்லை என்று எடுத்துக்கொள்வார்கள். அதற்கு மேல் போனால் அதிகபட்சம் 100 நாள் வரை நீட்டிப் பார்ப்பார்கள். இந்தச் சோதனை வேண்டாம் என்று சொல்லமாட்டேன், நல்ல சோதனைதான். ஆனால் அது ஒரு மருந்தை ஒரு முறை போட்டுப் பார்க்கிறது. உங்கள் வயலில் ஒரே போகத்தில் விதைநேர்த்தி, களைக்கொல்லி, இரண்டு மூன்று பூச்சிமருந்து என்று வரிசையாக இறங்குகின்றன. பயிரோடு உறவாடும் வேர்ப்பூஞ்சைகளை அந்தச் சோதனை பார்ப்பதும் இல்லை.

வேர்ப்பூஞ்சை என்றது மைக்கோரைசா. மணிச்சத்தை எட்டாத இடத்திலிருந்து இழுத்து வந்து வேருக்குக் கொடுப்பது அது. பூஞ்சைக்கொல்லிக்கு நோய்ப் பூஞ்சை எது, நட்புப் பூஞ்சை எது என்று தெரியாது. சூழலியல் ஆய்வாளர்கள் ஒரு நிலத்தில் மைக்கோரைசாவை அடக்கி வைத்துச் சோதிக்க விரும்பினால் வழக்கமாகப் பயன்படுத்தியது பெனோமில் என்ற பூஞ்சைக்கொல்லியைத்தான். மண்ணுக்குள் போனதும் பெனோமில் கார்பென்டாசிமாக மாறும். கார்பென்டாசிம் நம் மருந்துக்கடைகளில் சாதாரணமாகக் கிடைப்பது.

களைக்கொல்லியும் இப்படித்தான். களை என்ற செடியை அதற்கு அடையாளம் தெரியாது, ஒரு புரதத்தைத்தான் தெரியும். அட்ரசினும் டையூரானும் ஒளிச்சேர்க்கையின் ஒரு கண்ணியை அடைக்கின்றன. அதே கண்ணி நீலப்பச்சைப் பாசிக்கும் ஆற்றுக் கல்லில் வழுவழுவென்று படியும் பாசிக்கும் உண்டு. கிளைபோசேட் தாக்கும் நொதி செடிகளில் மட்டுமல்ல, ஏராளமான பாக்டீரியாக்களிலும் பூஞ்சைகளிலும் இருக்கிறது. சில பாக்டீரியாக்களில் அந்த நொதி மருந்துக்கு மசியாத வடிவத்தில் அமைந்திருக்கும், சிலவற்றில் மசியும். அதனால் அடிக்க அடிக்க, மசிபவை பின்தங்கி மசியாதவை முன்னுக்கு வரும். கிளைபோசேட்டைத் தாங்கும் மரபணு மாற்றப் பயிர்களில் வைத்த மரபணுவே இப்படி வந்ததுதான். அமெரிக்காவில் கிளைபோசேட் தயாரித்த ஒரு ஆலையின் கழிவு ஓடிய இடத்தில் பிழைத்துக் கிடந்த அக்ரோபாக்டீரியம் வகை ஒன்றிலிருந்து அதை எடுத்தார்கள்.

இனி கேள்வியின் இரண்டாவது பாதி: அவையே தின்றுவிடாதா?

தின்னும். அதற்கு நெல் வயலிலிருந்தே ஒரு நல்ல கதை இருக்கிறது. பிலிப்பைன்ஸில் லாஸ் பான்யோஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் புகையான் பூச்சியைக் கட்டுப்படுத்த டயசினான் என்ற மருந்தை வயல் தண்ணீரிலேயே போட்டுவந்தார்கள். முதலில் நன்றாக வேலை செய்தது. திரும்பத் திரும்பப் போட்ட வயல்களில் கொஞ்ச காலத்தில் பலிக்காமல் போனது. பூச்சிக்கு எதிர்ப்புசக்தி வந்துவிட்டது என்றுதான் யாருக்கும் முதலில் தோன்றும். அங்கே இருந்த இந்திய ஆய்வாளர் என். சேதுநாதன் தண்ணீரைப் பார்த்தார். ஏற்கெனவே மருந்து பட்ட வயலின் தண்ணீரில் டயசினான் வேகமாகச் சிதைந்தது. புதிய வயல் தண்ணீரில் அந்த வேகம் இல்லை. அந்த வேலையைச் செய்த பாக்டீரியாவை அவரும் உடன் ஆய்வாளர் யோஷிதாவும் 1973-இல் தனித்தெடுத்து அறிவித்தார்கள். டயசினானை மட்டுமல்ல, பாரத்தியான் என்ற இன்னொரு பூச்சிமருந்தையும் அது உடைத்தது. சேதுநாதன் பிற்பாடு கட்டாக்கில் உள்ள மத்திய நெல் ஆராய்ச்சி நிலையத்தில் பல வருடம் இதே துறையில் வேலை செய்தார்.

அந்த பாக்டீரியாவிடம் இருந்த மரபணுவைப் பின்னால் பிரித்துப் பார்த்தபோதுதான் கதை இன்னும் சுவாரசியமானது. கடல் கடந்து அமெரிக்காவில் கிடைத்த, வேறு இனத்தைச் சேர்ந்த இன்னொரு பாக்டீரியாவிலும் கிட்டத்தட்ட அதே மரபணு இருந்தது. இரண்டிலும் அது பிளாஸ்மிட் என்ற தனி வளையத்தில் இருந்தது. ஒரு பாக்டீரியா பக்கத்திலிருக்கும் இன்னொன்றுக்கு, அது வேற்று இனமாக இருந்தாலும், கைமாற்றிக் கொடுக்கக்கூடிய டிஎன்ஏ துண்டு அது. பாரத்தியான் போன்ற மருந்துகள் புழக்கத்துக்கு வந்ததே 1940-களின் கடைசியில்தான். சில பத்தாண்டுகளுக்குள் அவற்றை உடைக்கும் திறமை இப்படி ஊர் ஊராகப் பரவியிருக்கிறது. இந்தக் கைமாற்றும் வழக்கத்தை மறக்க வேண்டாம். கீழே ஹைதராபாத் பக்கத்துப் பட்டன்செருவுக்கு வரும்போது இதுவே மிகப் பெரிய தொல்லையாக நிற்கும்.

விவசாயிக்கு இதில் நேரடியான செய்தி ஒன்று உண்டு. ஒரே மருந்தை ஒரே வயலில் வருடக்கணக்காகப் போட்டால் மண் அதைத் தின்னப் பழகிக்கொள்கிறது, அளவைக் கூட்டினாலும் பலன் கூடாது. ஃபியூரடான் குருணை என்று நம் ஊரில் விற்ற கார்போபியூரானிலும் பல நாடுகளில் இதே அனுபவம். மருந்து வேலை செய்யவில்லை என்றால் அளவைக் கூட்டும் முன் மருந்தின் வகையை மாற்ற வேண்டும் என்று சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆனால் இந்தக் கதையைக் கேட்டுவிட்டு "அப்படியானால் எல்லாவற்றையும் தின்றுவிடும்" என்று முடிவு கட்டக்கூடாது. தின்பது என்றால் முழுதாகக் கரியமில வாயுவும் தண்ணீருமாக ஆக்குவது. பல மருந்துகளில் நுண்ணுயிர் பாதி வழியில் நின்றுவிடும். குளோர்பைரிபாஸ் உடைந்ததும் டிசிபி என்று சுருக்கமாகச் சொல்லப்படும் ஒரு குளோரின் சேர்மம் மிஞ்சுகிறது. அந்த மிச்சத்துக்கே பாக்டீரியாவை ஒடுக்கும் குணம் உண்டு. அதனால் உடைக்க வந்தவர்களுக்கே தொல்லை. டயசினானைப் போல குளோர்பைரிபாஸை மண் சீக்கிரம் தின்னப் பழகாமல் நெடுநாள் இருந்ததற்கு இதை ஒரு காரணமாகச் சொல்கிறார்கள்.

எண்டோசல்பான் இன்னும் மோசமான உதாரணம். கேரளத்தில் காசர்கோடு பகுதி முந்திரித் தோட்டங்களில் 1970-களிலிருந்து 2000 வரை ஹெலிகாப்டரில் தெளித்த மருந்து அது. மண்ணில் உள்ள பூஞ்சையும் பாக்டீரியாவும் அதை ஆக்சிஜனோடு சேர்த்து எண்டோசல்பான் சல்பேட் ஆக்குகின்றன. இந்தச் சல்பேட் மூல மருந்துக்கு ஏறக்குறைய நிகரான விஷம், அதைவிட அதிக நாள் மண்ணில் தங்கும். மண்ணைச் சோதித்து எண்டோசல்பான் குறைந்துவிட்டது என்று காட்டுவது எளிது. சல்பேட்டையும் சேர்த்து அளந்தால்தான் உண்மை தெரியும். மனிதர்கள் பட்ட துன்பத்துக்குப் பிறகு 2011-இல் உச்ச நீதிமன்றம் நாடு முழுவதும் அந்த மருந்தை நிறுத்தியது. "மருந்து காணாமல் போய்விட்டது" என்று எந்த அறிக்கையில் படித்தாலும், என்னவாக மாறியது என்று கேளுங்கள். மண் பற்றிய பேச்சில் இதைவிட முக்கியமான கேள்வி எனக்குத் தெரியவில்லை.

சரி, சாயத்தண்ணி. நொய்யல் வெள்ளியங்கிரி மலையில் பிறந்து கோவை, திருப்பூர் வழியாக வந்து கரூர் மாவட்டத்தில் காவிரியில் கலக்கும் ஆறு. ஒரத்துப்பாளையம் அணை 1992-இல் முடிந்தது. பாசனத்துக்காகக் கட்டியது, சாயப்பட்டறைக் கழிவு தேங்கும் இடமாகிப் போனது. கழிவைத் துளியும் வெளியே விடக்கூடாது என்ற நிபந்தனையை நிறைவேற்றாத நிலையில், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூரின் சாய, சலவைப் பட்டறைகளை மூடச் சொன்னது. இந்த வழக்கு, விவசாயிகளின் போராட்டம், தொழிலாளர்களின் பாடு எல்லாம் தனியே எழுத வேண்டியவை. இங்கே நுண்ணுயிரை மட்டும் பார்ப்போம். பனியன் துணிக்குப் போடும் சாயங்களில் பெரும்பகுதி ஆசோ சாயங்கள்: இரண்டு நைட்ரஜன் அணுக்கள் கைகோத்து நிற்கும் பிணைப்புதான் நிறத்தைத் தருகிறது. சாயத்தில் ஒரு பகுதி துணியில் பிடிக்காமல் தண்ணீரோடு போய்விடும். ஆற்றில் அது முதலில் செய்வது வெளிச்சத்தை மறைப்பது. டயட்டம் போன்ற நுண்பாசிகளுக்கு வெளிச்சம்தான் பிழைப்பு. அவை குறைந்தால் தண்ணீரில் ஆக்சிஜனும் குறையும்.

ஆக்சிஜன் குறைந்த அடிச்சேற்றில் வேறொரு கூட்டம் வேலையைத் தொடங்கும். அவற்றிடம் ஆசோ பிணைப்பை வெட்டும் நொதி உண்டு. வெட்டியதும் நிறம் போய்விடும். பார்ப்பவருக்குத் தண்ணீர் தெளிந்த மாதிரி இருக்கும். ஆனால் வெட்டுப்பட்ட துண்டுகள் அரோமாட்டிக் அமீன்கள்; அவற்றில் சில புற்றுநோய் உண்டாக்குபவை. பென்சிடினை விடுவிக்கும் சாயங்களை 1990-களில் ஜெர்மனியும் இந்தியாவும் தடை செய்தது இதனால்தான். இந்த அமீன்களைத் தின்னும் பாக்டீரியாக்களும் உண்டு. அவற்றில் பெரும்பாலானவைக்கு ஆக்சிஜன் வேண்டும். ஆக, முதலில் காற்றில்லாத இடம், பிறகு காற்றுள்ள இடம் என்ற வரிசையில் போனால்தான் சாயம் முழுதாகச் சிதையும். சுத்திகரிப்பு நிலையத்தில் இரண்டு தொட்டி கட்டி இந்த வரிசையை உண்டாக்கலாம். ஆறு நமக்காக அந்த வரிசையில் ஓடாது. தேங்கிய அணையில் முதல் பாதி நடக்கும், இரண்டாவது பாதி நின்றுவிடும்.

சாயத்தோடு வரும் உப்பும் இந்தக் கூட்டத்தை மாற்றுகிறது. சாயம் துணியில் ஏற சோடியம் குளோரைடோ சோடியம் சல்பேட்டோ கிலோ கிலோவாகப் போடுகிறார்கள். சல்பேட் மிகுந்து ஆக்சிஜன் தீர்ந்த நீரில், சல்பேட்டை மூச்சுக்குப் பயன்படுத்தும் பாக்டீரியாக்கள் தலையெடுக்கும். அவை வெளியிடும் ஹைட்ரஜன் சல்பைடுதான் அழுகிய முட்டை நாற்றம். அது இரும்போடு சேர்ந்து சேற்றைக் கறுப்பாக்கும். சாக்கடையாகிப் போன ஆறுகளில் மூக்கைப் பிடித்துக்கொண்டு நடப்பவர்கள் முகர்வது ஒரு நுண்ணுயிர்க் கூட்டம் போய் இன்னொன்று குடியேறியதன் அடையாளத்தை. சோடியத்தை எந்த நுண்ணுயிரும் தின்னாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் வயலில் சாயத்தண்ணி பாய்ந்திருந்தால் முதல் கவலை உப்பும் களர்த்தன்மையும்தான். அதற்கு நல்ல தண்ணீர், வடிகால், தேவைப்பட்டால் ஜிப்சம் என்பதே வழி.

இப்போது பட்டன்செரு. என் பார்வையில் இந்தத் தலைப்பில் நம் நாடு உலகத்துக்குக் காட்டிய மிகக் கசப்பான பாடம் அங்கேதான் இருக்கிறது. ஹைதராபாத்துக்குப் பக்கத்தில் உள்ள தொழிற்பேட்டை அது. உலகின் பல நாடுகளுக்கு மருந்தின் மூலப்பொருளை அங்கே தயாரிக்கிறார்கள். சுமார் 90 மருந்து ஆலைகளின் கழிவுநீர் ஒரு பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு வந்தது. சுவீடனின் கோத்தன்பர்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யோவாகிம் லார்சன் குழு, சுத்திகரித்து வெளியே விட்ட நீரை அளந்து 2007-இல் வெளியிட்டது. சிப்ரோப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் மட்டும் லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை இருந்தது. இந்த மருந்தை மாத்திரையாகச் சாப்பிடும் நோயாளியின் ரத்தத்தில் இருப்பதைவிட இது அதிகம். ஒரே நாளில் வெளியேறிய அளவு ஏறக்குறைய 45 கிலோ. அப்போது 90 லட்சம் பேர் இருந்த சுவீடன் முழுவதும் ஐந்து நாளில் உட்கொள்ளும் அளவுக்குச் சமம் என்று கணக்கிட்டார்கள்.

இந்த மருந்து எதற்காக உண்டாக்கப்பட்டது? பாக்டீரியாவைக் கொல்ல. அதைப் போய் பாக்டீரியாவை நம்பி இயங்கும் சுத்திகரிப்பு நிலையத்துக்குள் விட்டார்கள். நுண்ணுயிர் நன்றாக வேலை செய்யட்டும் என்று வீட்டுக் கழிவுநீரையும் அதோடு சேர்த்தார்கள். அந்தத் தொட்டிக்குள் என்ன நடந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். மனிதக் குடலிலிருந்து வந்த பாக்டீரியா, மண்ணிலும் நீரிலும் இயல்பாக வாழும் பாக்டீரியா, பல வகை ஆன்டிபயாடிக்குகள் எல்லாம் ஒரே இடத்தில் இரவு பகலாகக் கலந்துகொண்டிருந்தன. எதிர்ப்பு மரபணு வைத்திருப்பவை மட்டும் பிழைக்கும், பிழைத்தவை அதைப் பக்கத்திலிருப்பதற்குக் கைமாற்றும். 2013-இல் வெளியான ஆய்வில், அந்த நிலையத்திலிருந்து எடுத்து வளர்த்த பாக்டீரியாக்களை 39 ஆன்டிபயாடிக்குகளில் சோதித்தார்கள். அவற்றில் 86 சதவீதம் இருபதோ அதற்கு மேலோ மருந்துகளுக்கு மசியவில்லை.

அங்கிருந்து நீர் இசகவாகு ஓடை, நக்கவாகு, மஞ்சீரா என்று போய் கோதாவரியைச் சேர்கிறது. ஓடையின் அடிச்சேற்றில் எதிர்ப்பு மரபணுக்களும், அவற்றை இடம் மாற்றும் பிளாஸ்மிட், இன்டெக்ரான் போன்றவையும் ஏராளமாக இருந்தன என்று 2011-இல் காட்டினார்கள். அந்தப் பகுதியில் உள்ள காஜிபள்ளி ஏரியின் சேற்றை 2014-இல் சுவீடன் ஏரி ஒன்றோடு ஒப்பிட்டபோது எதிர்ப்பு மரபணுக்கள் சுமார் 7,000 மடங்கு. அந்த ஏரியில் உயிர் இல்லாமல் இல்லை. பாக்டீரியா நிறையவே இருக்கிறது. எண்ணிப் பார்ப்பதில் பயனில்லை என்று தொடக்கத்தில் சொன்னேனே, அதற்கு இதைவிட நேரடியான சாட்சி கிடைக்காது.

இது அந்த ஏரியோடு நிற்கும் விஷயம் இல்லை. சிப்ரோப்ளாக்சசின் வகை மருந்துகளுக்கு எதிர்ப்புத் தரும் கியூஎன்ஆர் ஏ என்ற மரபணு இன்று மருத்துவமனைகளில் நோயாளிகளிடம் காணப்படுகிறது. அதன் பிறப்பிடம் ஷெவனெல்லா ஆல்கே என்ற நீர்வாழ் பாக்டீரியா என்று 2005-இல் கண்டுபிடித்தார்கள். தண்ணீரில் பிறந்த மரபணு மருத்துவமனை வரை வந்திருக்கிறது. அப்படி வர வழி திறப்பது, தண்ணீரில் மருந்து இருப்பது. அதற்குப் பெரிய அளவும் தேவையில்லை. பாக்டீரியாவைக் கொல்ல வேண்டிய அளவில் நூற்றில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோ இருந்தாலே எதிர்ப்புள்ளவை மற்றவற்றை முந்தத் தொடங்கும் என்று 2011-இல் சுவீடனின் உப்சாலாவில் நடந்த சோதனைகள் காட்டின. 2016-இல் கணக்கிட்ட பாதுகாப்பு அளவு சிப்ரோப்ளாக்சசினுக்கு லிட்டருக்கு 0.064 மைக்ரோகிராம். பட்டன்செருவில் அளந்தது அதைப்போல ஏறக்குறைய ஐந்து லட்சம் மடங்கு.

இந்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் 2020 ஜனவரியில் ஒரு வரைவை வெளியிட்டு, மருந்து ஆலைக் கழிவில் ஒவ்வொரு ஆன்டிபயாடிக்குக்கும் ஒரு உச்ச அளவு முன்மொழிந்தது. 2021-இல் வந்த இறுதி அறிவிப்பில் அந்த அளவுகள் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2024 செப்டம்பரில் ஆன்டிபயாடிக் ஆலைக் கழிவுக்கென்று வழிகாட்டுதலை வெளியிட்டது. அது வழிகாட்டுதல்தான், சட்டம் இல்லை. அந்த உச்ச அளவுகளை நீக்கியது பெரிய தவறு என்று நான் உறுதியாக நினைக்கிறேன். பூச்சிமருந்தைத் தின்னப் பழகும் பாக்டீரியாவால் ஒரு விவசாயிக்கு மருந்துச் செலவு வீணாகும். இங்கே வீணாவது நிமோனியாவிலும் ரத்தத் தொற்றிலும் கிடக்கும் ஒருவரின் கடைசி மருந்து.

பிளாஸ்டிக்கைப் பற்றியும் பலர் கேட்கிறார்கள், சுருக்கமாகச் சொல்கிறேன். கடலில் மிதக்கும் பிளாஸ்டிக் துணுக்குகளின் மேல் சுற்றியுள்ள நீரில் இருப்பதிலிருந்து வேறுபட்ட ஒரு நுண்ணுயிர்க் கூட்டம் படிகிறது என்று 2013-இல் விவரித்தார்கள். துணுக்கு மிதந்து போகும் இடமெல்லாம் அந்தக் கூட்டமும் போகும். 2016-இல் ஜப்பானின் சகாய் நகரில், தண்ணீர் பாட்டில் செய்யும் பெட் பிளாஸ்டிக்கைத் தின்னும் இடியோனெல்லா என்ற பாக்டீரியா கிடைத்தது உண்மை. ஆனால் மெல்லிய படலத்தை 30 டிகிரி வெப்பத்தில் சிதைக்கவே அதற்கு ஆறு வாரம் பிடித்தது, அதுவும் பெட் வகையை மட்டும். நம் வாய்க்கால்களில் அடைத்துக் கிடக்கும் கேரிபேக் பாலித்தீன், அது வேறு பொருள். ஒட்டாத தவாவிலும் தீயணைப்பு நுரையிலும் வரும் ஃப்ளோரின் சேர்மங்களிலோ கார்பன்-ஃப்ளோரின் பிணைப்பு மிக வலுவானது. முழுதாகச் சிதைப்பது நுண்ணுயிருக்கும் எட்டாமலே நிற்கிறது.

அப்புறம், மீளுமா? விஷம் வருவது நின்றால் பெரும்பாலும் மீளும், நேரம் எடுத்துக்கொண்டு. இதை அளக்க ஹான்ஸ் பிளாங்க் என்ற சுவீடன் ஆய்வாளர் 1988-இல் ஒரு அழகான முறையை முன்வைத்தார். ஓரிடத்துப் பாசிக் கூட்டத்தை எடுத்து ஒரு விஷத்தை எவ்வளவு தாங்குகிறது என்று பார்ப்பது. வழக்கத்தைவிட அதிகம் தாங்கினால், அந்த விஷம் ஏற்கெனவே அந்த இடத்தில் பலவீனமானவற்றைக் களைந்துவிட்டது என்று பொருள். படகுகளின் அடியில் பூசும் வண்ணத்தில் டிபிடி என்ற தகரச் சேர்மம் இருந்தது. சுவீடனில் சிறு படகுகளுக்கு அது தடைசெய்யப்பட்ட பிறகு, படகுத்துறை ஒன்றைச் சுற்றியிருந்த பாசிக் கூட்டங்களைப் பல வருடம் தொடர்ந்து பார்த்தார்கள். தாங்கும் சக்தி படிப்படியாகக் குறைந்துவந்தது. மென்மையான இனங்கள் திரும்பி வந்தன என்று அர்த்தம். தடை வேலை செய்யும் என்பதற்கு இதை நான் எப்போதும் எடுத்துக் காட்டுவேன்.

உங்கள் வயலுக்கு வருகிறேன். நுண்ணுயிர் எண்ணிக்கைச் சோதனை என்று ஆய்வகத்தில் தட்டில் வளர்த்து எண்ணித் தருவதற்குப் பணம் செலவழிக்க வேண்டாம். மண்ணில் உள்ளவற்றில் நூற்றில் ஒன்று கூட அந்தத் தட்டில் வளராது. அதற்குப் பதில் அங்ககக் கரிமம், உப்பின் அளவு, கார அமிலத் தன்மை மூன்றையும் பாருங்கள். சாயத்தண்ணி வந்த இடமென்றால் கிணற்றுத் தண்ணீரையும் சேர்த்து. தொழுவுரம், பசுந்தாள் உரம் போடுவது இங்கே வெறும் உரத்துக்காக இல்லை. நுண்ணுயிருக்குத் தீனி கிடைத்தால் மண்ணில் கிடக்கும் பல மருந்துகள் வேகமாகச் சிதைகின்றன.

பயறு, உளுந்து, நிலக்கடலைக்கு விதைநேர்த்தி செய்யும்போது திராம், கார்பென்டாசிம் போன்ற பூஞ்சைக்கொல்லி போட்டால் 24 மணி நேரம் விட்டுப் பிறகு ரைசோபியத்தை ஆறிய அரிசிக் கஞ்சியில் கலந்து பூசுங்கள். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் இந்த இடைவெளியைத்தான் சொல்கிறது. இரண்டையும் ஒன்றாகக் கலந்தால் காசு கொடுத்து வாங்கிய பாக்டீரியாவை நாமே கொன்ற மாதிரி. டிரைக்கோடெர்மா விரிடியையும் கார்பென்டாசிமையும் ஒன்றாகச் சேர்க்கவே கூடாது, டிரைக்கோடெர்மாவும் பூஞ்சைதான்.

ஏரியைச் சுத்தப்படுத்த, மண்ணைக் குணப்படுத்த என்று பாட்டிலில் விற்கும் பாக்டீரியாக் கலவைகளைப் பற்றியும் பலர் கேட்கிறார்கள். ஏற்கெனவே இருக்கும் பெருங்கூட்டத்தோடு போட்டியிட்டு வெளியிலிருந்து வந்தவை நிலைப்பது மிகக் கடினம். விதிவிலக்கு உண்டு. 1997-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் தனித்தெடுக்கப்பட்ட டீஹாலோகாக்காய்டிஸ் வகை, சலவைக்கடைக் கரைப்பான்களில் உள்ள குளோரினைக் கழற்றி அதையே மூச்சாகப் பயன்படுத்துகிறது. நிலத்தடி நீரில் அதைச் செலுத்திச் சுத்தப்படுத்தும் முறை நடைமுறையில் இருக்கிறது. அது பலிப்பதற்குக் காரணம், அந்த வேலையைக் கடைசிவரை முடிக்கத் தெரிந்தது கிட்டத்தட்ட வேறு யாருமில்லை, அதற்குத் தேவையான காற்றில்லாச் சூழலையும் தீனியையும் அளந்து கொடுக்கிறார்கள். கழிவு இன்னும் வந்துகொண்டிருக்கும் ஏரியில் பாட்டிலைக் கவிழ்ப்பது அந்த வகையில் சேராது. அந்தப் பணத்தில் கழிவு எந்தக் குழாய் வழியாக வருகிறது என்று கண்டுபிடித்து நீரைச் சோதிக்கக் கொடுங்கள்.